பிரைமா, ஜூமா? – நிற்குமிடம் பற்றிச் சில எண்ணங்கள்

தமிழ்த்துறையில் பணியாற்றும் ஒருவன் கேமரா லென்ஸைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் கோயிற்கலை, கல்வெட்டு, நாட்டார் வழக்காறு என்று களப்பணிக்குப் புறப்படும் மாணவர் எவரும் இன்று வெறுங்கையோடு வருவதில்லை. கைப்பேசியில் தொடங்கி, ஆர்வம் மிகுந்தபின் மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய சில வாரங்களில் அந்தக் கேள்வியும் வந்துவிடும்: "ஐயா, அடுத்து பிரைம் லென்ஸ் வாங்கலாமா, ஜூம் லென்ஸ் வாங்கலாமா?"

இதற்குக் கடைக்காரர்களும் யூட்டியூப் வல்லுநர்களும் சொல்லும் மறுமொழி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. பிரைம் என்றால் துல்லியம். ஜூம் என்றால் வசதி. துல்லியம் வேண்டுவோர் அதை வாங்குக, வசதி வேண்டுவோர் இதை வாங்குக. இந்த விடை ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இன்று அது பாதி உண்மைகூட இல்லை என்பதும், இவ்விரு லென்ஸ்களுக்கும் இடையிலுள்ள மெய்யான வேறுபாடு படமெடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது என்பதும் என் கருத்து. திருச்சியிலும் திருவரங்கத்திலும் படமெடுத்துப் பழகியோர்க்கு இதை விளக்குவது எளிது. இவ்வூர்களின் கோபுரமும் மலையும் படித்துறையுமே சான்றாக நிற்கின்றன.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குவியத் தொலைவு மாறாத லென்ஸ் பிரைம். 35 மி.மீ. என்றால் என்றும் 35 மி.மீ. தான். குவியத் தொலைவை ஒரு வரம்புக்குள் கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது ஜூம்: 24–70, 70–200 என்பன போல. குவியத் தொலைவு குறையக் குறையக் காட்சி விரியும். கூடக்கூடக் காட்சி குறுகி, தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும். இக்கட்டுரையில் நான் சொல்லும் எண்கள் 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டகச் சென்சாருக்கு உரியவை. ஏபிஎஸ்-சி வகைக் கேமரா வைத்திருப்போர் தம் லென்ஸின் எண்ணை 1.5 ஆல் (கேனானில் 1.6 ஆல்) பெருக்கிக்கொள்க. அவர்களது 35 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 50 மி.மீ. போன்ற காட்சியைத் தரும்.

மிரர்லெஸ் என்பது உள்ளே ஆடி இல்லாத கேமரா. பழைய எஸ்.எல்.ஆர். வகையில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஓர் ஆடி எழுந்து தாழ்வதற்கு இடம் வேண்டியிருந்தது. அதனால் நிக்கானின் எஃப் பொருத்தியில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. ஆடி நீங்கியபின் வந்த இஸட் பொருத்தியில் அது 16 மி.மீ. கேனானிலோ 44 மி.மீ. 20 மி.மீ. ஆகச் சுருங்கியது. இந்தச் சுருக்கத்தால் இரண்டு பயன் விளைந்தன. ஒன்று, லென்ஸ் வடிவமைப்போர்க்குக் கிடைத்த உரிமை. பெரிய பின்கண்ணாடிகளைச் சென்சாருக்கு மிக அருகில் வைக்க முடிந்ததால் விரிகோண லென்ஸ்களும் ஜூம் லென்ஸ்களும் வியக்கத்தக்க அளவு மேம்பட்டன. மற்றொன்று, எந்தப் பழைய லென்ஸையும் ஓர் உலோக வளையத்தின் துணையால் பொருத்திக்கொள்ள முடிந்தது. இவ்விரண்டாவது பயனுக்குப் பிறகு வருகிறேன்.

முதற்பயனைக் கருதுங்கள். 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் வோய்க்லாண்டர் நிறுவனத்தின் ஜூமார், 36–82 மி.மீ. அது வெளிவந்த ஆண்டு 1959. அன்றுமுதல் பல்லாண்டுகள் ஜூம் என்றால் ஓரங்களில் மங்கல், நேர்கோடு வளைதல் என்ற குறைகளைச் சுமந்தே வந்தது. 'பிரைமே துல்லியம்' என்னும் வாய்பாடு அக்காலத்தது. இன்றைய நல்ல ஜூம் ஒன்றையும் பிரைம் ஒன்றையும் எஃப்/8 துளையில் வைத்து, முக்காலியில் நிறுத்தி, சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைப் பகலொளியில் எடுத்து அருகருகே வையுங்கள். எது எதனால் எடுத்தது என்று சொல்ல இயலாது. சிற்பத்தின் முன்காலும் பின்தூணும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமானால் எஃப்/8 வரை சுருக்கியே ஆகவேண்டும். சுருக்கிய பின் பிரைமின் பெருமை அங்கே செல்லாது. ஆகவே துல்லியத்துக்காகப் பிரைம் வாங்குகிறேன் என்னும் மாணவரிடம், சிற்பம்தான் உங்கள் பொருள் என்றால் அந்தக் காரணம் போதாது என்றே சொல்கிறேன்.

வேறு காரணம் இருக்கிறது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போகவேண்டும்.

லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1856 இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டிலும் தொடர்ந்த பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். மாட்டு வண்டிகளில் கருவிகளும் மருந்துகளும் ஏற்றிச் சென்ற பயணம் அது. 1858 இல் திருச்சிராப்பள்ளிக் காட்சிகள் ஒரு தொகுப்பாகவும் திருவரங்கக் காட்சிகள் ஒரு தொகுப்பாகவும் வெளிவந்தன. மெழுகு ஊட்டிய காகிதமே அவரது நெகட்டிவ். அளவு ஏறக்குறைய 15 × 12 அங்குலம். அந்தக் காகிதத்தையே அச்சுத்தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டிப் படி எடுப்பார்கள். நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. பின்னால் பெரிதாக்குவோம், வேண்டாததை வெட்டிக்கொள்வோம் என்ற பேச்சுக்கு அங்கே பெரிதும் இடமில்லை.

அவர் கையில் ஜூம் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மலைக்கோட்டையை எடுக்க வேண்டுமானால், அந்த மலையும் அதைச் சூழ்ந்த ஊரும் தாம் விரும்பும் அளவில் அடங்கும் ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே முக்காலியை ஊன்ற வேண்டும். ஒரு காகிதம் ஒளியில் நிற்க வேண்டிய நேரம் நெடிது. ஒரு நாளில் எடுக்கக்கூடிய படங்களோ சில. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன் அவர் நடந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், தேர்ந்திருக்கிறார். அவரது படங்களில் இன்றும் நம்மைக் கவரும் அமைதி அந்த நடையிலிருந்து பிறந்தது என்றே நான் நம்புகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் பெரிது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளைப் பதிவுசெய்ய, சுவரை ஒட்டிக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து, 21 படிகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். கல்வெட்டுப் பயிலும் மாணவர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி இது. ஓரிடத்தில் நின்று ஜூமைத் திருகித் திருகி நெடுஞ்சுவர் ஒன்றின் எழுத்துகளை எடுத்தால், அருகிலுள்ள எழுத்து நேராகவும் தொலைவிலுள்ள எழுத்து சரிந்தும் குறுகியும் விழும். ரகரமும் காலும், புள்ளியற்ற மெய்யும் உயிர்மெய்யும் குழம்புகிற கல்வெட்டில் அந்தச் சரிவு படிப்பையே மாற்றிவிடும். கேமரா சுவருக்கு இணையாக நின்று, சுவரோடு நடக்க வேண்டும். எந்த லென்ஸும் கால்களுக்கு மாற்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இதையே இன்றைய கணக்கில் பார்ப்போம். திருவரங்கத்து ராஜகோபுரம் 13 நிலைகள், 236 அடி, அதாவது ஏறக்குறைய 72 மீட்டர். (டிரைப் வந்தபோது அது முற்றுப்பெறாத மொட்டைக் கோபுரம். இன்று நாம் காணும் கோபுரம் நிறைவெய்திக் குடமுழுக்குக் கண்டது 1987 மார்ச் 25 இல்.) அதை முழுமையாக, செங்குத்துச் சட்டத்தில் எடுக்க வேண்டும். கேமராவை அண்ணாந்து சாய்க்கலாம் என்றால் 24 மி.மீ. லென்ஸுக்கு 21 மீட்டர் தொலைவே போதும். 35 மி.மீ. என்றால் 52 மீட்டர், 50 மி.மீ. என்றால் 87 மீட்டர். ஆனால் அண்ணாந்தால் கோபுரத்தின் பக்கங்கள் மேலே குவிந்து, பின்னால் சாய்வது போலத் தோன்றும். கோபுரம் நேராக நிற்க வேண்டுமானால் கேமராவைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும். அப்போது 24 மி.மீ. லென்ஸுக்கு 96 மீட்டர், 35க்கு 140 மீட்டர், 50க்கு 200 மீட்டர் பின்னே செல்ல வேண்டும். படத்தின் கீழ்ப்பாதியில் தெருவே நிறைந்திருக்கும்.

இந்த எண்கள் மனப்பாடம் செய்வதற்கல்ல. தெற்கே அம்மா மண்டபம் சாலையில் 200 மீட்டர் பின்னே சென்று நின்று பாருங்கள். இடையே பேருந்து, மின்கம்பி, இளநீர் வண்டி, வாழைத்தார் இறக்குவோர், பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள். கோபுரம் ஓர் ஊரின் முடிவில் எழுகிறது. 21 மீட்டரில் நின்றால் ஊர் இல்லை. வானில் சாயும் ஒரு சிற்பக் குவியல் மட்டும் இருக்கிறது. இரண்டும் படம்தான், ஆனால் இரண்டு வேறு கூற்றுகள். 24–70 ஜூம் வைத்திருப்பவர் இவற்றுள் எதையும் எடுக்க முடியும். உண்மையில் நேர்வதென்ன? வண்டியை நிறுத்திய இடத்திலேயே நின்று, கோபுரம் அடங்கும்வரை வளையத்தைத் திருப்பி எடுத்துவிட்டுப் போகிறார். அவரது கூற்றை வண்டி நிறுத்துமிடம் தீர்மானித்துவிடுகிறது.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். ஜூம் செய்வதும் அருகில் செல்வதும் ஒன்றே எனப் பலர் எண்ணுகிறார்கள். அருகிலுள்ள பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது தொலைவு ஒன்றே. குவியத் தொலைவு அன்று. ராஜகோபுரத்துக்கு 100 மீட்டர் முன்னே ஒரு பூக்காரம்மா கூடையோடு அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். அவரிடமிருந்து 2 மீட்டரில் நின்று 35 மி.மீ. லென்ஸில் எடுக்கிறீர்கள். பின்னர் 11 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்வாங்கி 200 மி.மீ. இல் எடுக்கிறீர்கள். இரு படங்களிலும் அம்மாவின் உருவம் ஒரே அளவு. ஆனால் இரண்டாம் படத்தில் கோபுரம் ஐந்து மடங்கு பெரிதாகி, அதன் அடிநிலை மட்டுமே ஒரு சுவராக அவர் பின்னே நிற்கும். முதற்படத்தில் ஒரு பெண்மணியும் அவர் வாழும் தெருவும் கோபுரமும் உண்டு. இரண்டாம் படத்தில் ஒரு முகமும் ஒரு பின்னணித் திரையும் உண்டு. எது உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும் என்கிறேன். பிரைம் அதைக் கற்றே தீரவேண்டிய நிலையில் நம்மை வைக்கிறது. ஜூம் அதைக் கல்லாமலே காலம் தள்ள இடங்கொடுக்கிறது.

ஒளி பற்றியும் ஒரு சொல். பிரைமின் மறுக்கவியலாத மேன்மை அதன் அகன்ற துளை. எஃப்/4 துளையுள்ள ஜூமைவிட எஃப்/1.8 துளையுள்ள பிரைம் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப்/2.8 ஜூமோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கை ஒட்டி வரும். கேமராவினுள்ளேயே நடுக்கம் தாங்கும் அமைப்பு வந்துவிட்டதே, இனித் துளை எதற்கு என்று கேட்பவர் உண்டு. அந்த அமைப்பு நம் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிர, எதிரில் இருப்பவரின் அசைவைத் தாங்காது. மாலை மங்கிய மண்டபத்தில் நாகசுரக் கலைஞரின் விரல்கள் எஃப்/1.8 இல், நொடியில் 125 இல் ஒரு பங்கு நேரத்தில் உறைந்து நிற்கும். அதே ஒளியில் எஃப்/4 துளைக்கு 25 இல் ஒரு பங்கு நேரம் தேவை. விரல் இருந்த இடத்தில் ஒரு மங்கலே மிஞ்சும். சிற்பத்துக்கு ஜூம் போதும் என்று மேலே சொன்னேன். விளக்கொளியில் வாழும் மனிதருக்குப் போதாது.

இனி ஜூமின் பக்கம் நின்று பேசுவதே நேர்மை. கால்கள் நகர முடியாத இடங்கள் உண்டு. சித்திரையில் விருப்பன் திருநாள் தேர் சித்திரை வீதிகளில் வரும்போது ஒரு திண்ணையின் மேல் இடம் கிடைத்தால் அதுவே பெரும்பேறு. வடம் பிடிப்போர் முகம், ஆடிவரும் தேரின் உச்சி, அலையலையான தலைகள் மூன்றையும் அந்த ஓரிடத்திலிருந்தே எடுத்தாக வேண்டும். 24–105 ஒன்று கையில் இருந்தால் தேர் தெருமுனை திரும்புமுன் மூன்றும் கிடைத்துவிடும். பிரைம் வைத்திருப்பவர் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விடவேண்டும்.

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் சந்நிதியின் வெளியே நின்று வடக்கே பாருங்கள். காவிரிக்கு அப்பால் தென்னந்தலைகளுக்கு மேலே ராஜகோபுரம் தெரியும். தொலைவு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 50 மி.மீ. லென்ஸில் 72 மீட்டர்க் கோபுரம் சென்சாரின் மேல் 1.2 மி.மீ. உயரமே விழும், சட்டத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. 200 மி.மீ. இல் அது 4.8 மி.மீ.; ஐந்தில் ஒரு பங்கு. இங்கே 'நடந்து அருகே போ' என்று அறிவுரை சொல்பவர் காவிரிக்குள் இறங்கித்தான் போகவேண்டும்!

ஆடிக் காற்றையும் மறக்கலாகாது. ஆற்றுமணலை அள்ளி வீசும் அந்நாட்களில் வெளியில் நின்று லென்ஸ் மாற்றுவது கேமராவுக்கு நல்லதன்று. எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன் ஆடியும் ஷட்டரும் திரையாக நின்றன. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் வெறுமையாகத் தெரியும். (அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் கேமராக்களும் உண்டு. உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டு மூன்று பிரைம்களை மாற்றி மாற்றிப் போடுபவருக்கு ஒரு மாதத்தில் படங்களின் வானத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். ஜூமை மாட்டியவர் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் மாணவர்க்கு முதலில் பிரைமையே சொல்வதற்குக் காரணம் அம்மா மண்டபம் படித்துறை.

அங்கே போய்ப் பழகியவர் அறிவர். ஆடிப்பெருக்கு நாளில் புதுத்தாலி மாற்றும் மணமக்கள், சித்திரான்னம் பகிரும் குடும்பங்கள், நீராடும் பெண்கள்; அமாவாசை நாட்களில் தந்தைக்கும் தாய்க்கும் எள்ளும் நீரும் இறைப்போர். இவை யாவும் வெட்டவெளியில், ஒருவர் தோள் மற்றவர் தோளில் இடிக்க நிகழ்வன. வெட்டவெளியில் நிகழ்வதாலேயே அவை பொதுக்காட்சி ஆகிவிடுமா? சில ஆண்டுகளாக அங்கே மேற்படிகளில் நீண்ட ஜூம்களின் வரிசையைக் காண்கிறேன். முப்பது மீட்டர் தொலைவிலிருந்து ஈரத்துணியோடு கரையேறுபவரின் முகத்தையும் கண்ணீரையும் சட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். எடுக்கப்படுபவருக்குத் தாம் எடுக்கப்படுவதே தெரியாது. 'இயல்பான படம்' என்று அதற்குப் பெயர்.

ஓர் ஆடி அமாவாசையன்று என்னுடன் வந்த மாணவர் ஒருவரும் அவ்வாறே எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் படியேறி நேரே அவரிடம் வந்தார். கோபம் இல்லை. "தம்பி, எங்க வீட்டுக்காரருக்குப் பையன் திதி குடுத்துக்கிட்டு இருக்கான். நீ யாருப்பா? கிட்ட வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். மாணவர் படங்களை அழித்துவிட்டார். பிறகு அந்த அம்மையார் அழைக்க, கீழே சென்று அவர்களோடு வெகுநேரம் அமர்ந்திருந்தார். இறந்தவர் என்ன தொழில் செய்தார், எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அறிந்துவந்தார். அன்று அவர் எடுத்த ஒரே படம், புறப்படும்போது அக்குடும்பம் தாமாகவே நின்று கொடுத்தது.

அந்த அம்மையார் சொன்னதில் ஓர் ஒளியியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. 35 மி.மீ. லென்ஸில் ஒரு முகம் சொல்லும்படி விழ வேண்டுமானால் நீங்கள் அவரிடமிருந்து இரண்டு மீட்டருக்குள் நிற்க வேண்டும். இரண்டு மீட்டரில் நிற்பவரை எவரும் பார்ப்பர், 'யாருப்பா?' என்று கேட்பர். 'வேண்டாம்' என்று சொல்லவும் அவர்களால் முடியும். மறுக்கும் உரிமையைப் பிரைம் அவர்கள் கையில் கொடுக்கிறது. நீண்ட ஜூம் அவ்வுரிமையை அவர்கள் அறியாமலே எடுத்துக்கொள்கிறது. ஜூம் வைத்திருப்போரெல்லாம் பண்பற்றோர் என்று நான் கூறவில்லை. அருகில் சென்றும் அடாவடி செய்வோர் உண்டு. ஆனால் பழக்கத்தைக் கருவி உருவாக்குகிறது. கேட்காமல் எடுப்பதை எளிதாக்கும் கருவியில் தொடங்கும் இருபது வயது இளைஞர் கேட்கும் பழக்கத்தை எப்போது கற்பார்?

ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தியவர். 1950 ஏப்ரலில் அவர் தமிழ் மண்ணில் இருந்தார். திருவண்ணாமலையில் இரமணரை அவரது இறுதி நாட்களில் எடுத்தார். அதே மாதத்தில் புதுச்சேரியில், பல்லாண்டுகளாகப் படமெடுக்க இசையாதிருந்த அரவிந்தரை அனுமதி பெற்று எடுத்தார். அந்த அறைகளுக்குள் அவர் இருந்திருக்கிறார். அங்கிருந்தோர் அவர் இருப்பதை அறிந்திருக்கிறார்கள். அப்படங்களின் நெருக்கம் நம்மிடம் வந்து சேர்வது அதனால்தான்.

'அப்படியானால் நெடுந்தொலைவு லென்ஸ் என்பதே தீதா?' என்று கேட்கலாம். அதற்கு நம்மவர் ஒருவரே விடை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். பல கேமராக்களின் பகுதிகளைத் தாமே இணைத்து 'சூப்பர் பாண்டரோசா' என்று தாமே நகையாடிப் பெயரிட்ட கனத்த கருவி ஒன்றைக்கொண்டு கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். காட்டுயானையிடம் அனுமதி கேட்க இயலாது. அதன் அமைதியைக் குலைக்காத தொலைவில் நிற்பதே அங்கே மரியாதை. மனிதரிடம் மரியாதை என்பது அருகில் சென்று கேட்பது. ஆகவே தொலைவுக்கென்று தனி அறம் இல்லை. எதிரே இருப்பது யார் என்பதைப் பொறுத்துத் தொலைவின் அறமும் மாறுகிறது.

தமிழ் படித்தவர்க்கு இது புதிய பாடமன்று. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. முதற்பொருள் என்று அது வைப்பது நிலத்தையும் பொழுதையும். மாந்தரும் மரமும் புள்ளும் பறையும் பின்னர் வருவன, உணர்வும் அவ்வாறே. எங்கே நிற்கிறோம், எப்பொழுது நிற்கிறோம் என்பது உறுதியாகாமல் உணர்வுக்கு இடமில்லை என்பது அந்த இலக்கணத்தின் உட்கிடை. புகைப்படத்துக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. நிற்குமிடமும் ஒளியும் அமைந்தால் மற்றவை தாமே வந்து பொருந்தும். குவியத் தொலைவை மாற்றிக்கொண்டே இருப்பவர் கருப்பொருளைத் துழாவிக்கொண்டிருக்கிறார்; முதற்பொருளை இன்னும் தொடவில்லை.

வெண்பாவை எண்ணினாலும் இது விளங்கும். தளை தட்டக்கூடாது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடு சொல்வளத்தைக் குறைப்பதாகத் தோன்றும். எழுதிப் பழகியவர்க்கு அந்தக் கட்டுப்பாடே நினையாத சொல்லைக் கொண்டுவந்து தரும். வெண்பாவில் கைபழகியவர் புதுக்கவிதை எழுதினால் அதிலும் ஒரு செறிவு இருக்கும். பிரைமில் ஓராண்டு பழகியவர் கையில் ஜூம் கொடுத்துப் பாருங்கள். முதலில் நடந்து போய் நிற்பார். பிறகே வளையத்தைத் தொடுவார்.

இனிக் காசுக் கணக்கு. கேனானின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் எடை 160 கிராம். அதே நிறுவனத்தின் 24–70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் 900 கிராம். விலையிலும் ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபாடு. கல்லூரி மாணவர் பலர் கேமராவை வீட்டாரின் நகைச்சீட்டிலோ தவணையிலோ வாங்கியிருக்கிறார்கள். அவர்களை மேலும் கடனுக்குள் தள்ளும் அறிவுரை எதுவும் எனக்கு உவப்பில்லை. கேமராவோடு வரும் சிறு ஜூமை விற்க வேண்டாம். தேருக்கும் மலைக்கும் அது போதும். ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 35 மி.மீ. அல்லது அதை ஒட்டிய பிரைம் ஒன்றை மட்டும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லையெனில், நான் முன்பு சொன்ன உலோக வளையம் இருக்கிறது. வீட்டுப் பரணில் அப்பாவோ மாமாவோ பயன்படுத்திய பிலிம் கேமரா இருந்தால், அதன் 50 மி.மீ. லென்ஸ் உங்கள் புதிய கேமராவில் அமரும். ஏபிஎஸ்-சியில் அது சற்று நெடிய காட்சி தரும், முகங்களுக்கு உகந்தது. குவியத்தைக் கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். கூர்மையாகும் விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதி இன்றைய கேமராக்கள் பெரும்பாலானவற்றில் உண்டு என்பதால் அதுவும் கடினமில்லை.

எதையும் வாங்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஜூமின் வளையத்தை 35இல் வைத்துச் சிறு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழற்றாதீர்கள். சத்திரம் பேருந்து நிலையம், காந்தி சந்தை, தெப்பக்குளம், உத்திர வீதி, அம்மா மண்டபம் என்று நடந்துவிட்டு வாருங்கள். எடுத்த படங்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதைவிட, அந்த மாதத்தில் எத்தனை பேரோடு பேசினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடியிருந்தால் உங்களுக்குரிய லென்ஸ் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.